புல்வெளித் தெளிப்பான் மாட்டுகிறீர்களா? டைமர் முன்னால், வேக்யூம் பிரேக்கர் பின்னால்

கொல்லைப் புல்வெளிக்கு நானே தெளிப்பான் மாட்டி இரண்டு மாதம் ஓட்டினேன். வேறொரு கசிவைப் பார்க்க வந்த பிளம்பர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இது தோட்டத்துக்குத் தண்ணீர் விடவா, தோட்டத்துத் தண்ணீரைச் சமையலறைக்கு விடவா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். தெருவில் பெரிய குழாய் உடைந்தாலோ, தீயை அணைக்கப் பக்கத்தில் நிறையத் தண்ணீர் எடுத்தாலோ, அழுத்தம் சட்டென்று விழும். அப்போது வீட்டுக் குழாய் பின்னோக்கி உறிஞ்சும். புல்லில் கிடக்கும் தெளிப்பான் வாயிலிருந்து சேறு, உரம், பக்கத்து வீட்டுப் பூனையின் உபயம் எல்லாம் உள்ளே வரலாம். இதைத் தடுக்கத்தான் வேக்யூம் பிரேக்கர்: அழுத்தம் விழும்போது காற்றை உள்ளே விட்டு, அந்த உறிஞ்சலை முறிக்கும் சின்னக் கருவி.

1. வீட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து புதிதாகக் கிளை பிரிக்க உரிமம் பெற்ற பிளம்பரைக் கூப்பிடுங்கள். சிங்கப்பூரின் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. நீர் சேவைகளுக்கான எஸ்எஸ் 636 நெறிமுறை அவர்களுக்குப் பாடம். நாம் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

2. வேக்யூம் பிரேக்கர். நான் சறுக்கியது இங்கேதான். குழாய்த்தலையில் நேராக அதை மாட்டி, அதற்கு அப்புறம், நேரம் பார்த்துத் தண்ணீரைத் திறந்து மூடும் டைமரை வைத்தேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் டைமர் மூடியிருக்கும்போதும் குழாய்த்தலை திறந்தே இருக்கும் அல்லவா? அதனால் பிரேக்கருக்குள் நாள் முழுக்க அழுத்தம். உள்ளே இருக்கும் சின்ன வட்டு மேலே ஏறிக் காற்று வழியை அடைத்து, அப்படியே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பின்னோக்கி இழுக்கும் நேரத்தில் காற்று புக வழியே இல்லை.

சரியான வரிசை: குழாய்த்தலை, டைமர், பிரேக்கர், தெளிப்பான். பிரேக்கருக்குப் பிறகு எந்த வால்வும் கூடாது. கைப்பிடியை அழுத்தினால் பீய்ச்சும் துப்பாக்கி முனையும் வால்வுதான்! உயரமும் முக்கியம். உங்கள் தெளிப்பான்களில் எது உயரமோ, அதற்கு மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்தில் பிரேக்கர் இருக்க வேண்டும். என் மேல்பாத்தி குழாய்த்தலைக்குச் சமமாக இருந்ததால் ஒரு நிமிர்ந்த குழாய் போட வேண்டியதாயிற்று.

3. சோதனை. ஓடவிட்டு நிறுத்துங்கள். பிரேக்கரிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சிந்தி, 'புஸ்' என்று காற்று இழுத்தால் நல்லது. சத்தமே இல்லையென்றால் கழற்றிப் பாருங்கள். என்னைக் கேட்டால் பித்தளைதான். பிளாஸ்டிக் நம் வெயிலுக்குத் தாங்காது.

4. டைமரைக் காலையில் வையுங்கள். மழை உணரி இல்லாத டைமரை வாங்காதீர்கள். கொட்டுகிற மழையில் தெளிப்பான் சுற்றுவதைப் பார்த்து மாமியார் சிரித்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிற்சேர்க்கை: உரக்கரைசலைத் தெளிப்பான் குழாயிலேயே கலக்கலாமா என்று ஒருவர் கேட்டார். இந்தச் சின்ன பிரேக்கரை நம்பி வேண்டாம். பின்னோக்கி உறிஞ்சுவதை மட்டுமே அது தடுக்கும். பம்பு எதிர்த்துத் தள்ளினால் கைவிட்டுவிடும். மழைநீர்த் தொட்டியும் பம்பும் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். குடிநீரைப் பம்புக் குழாயோடு இணைக்காமல், தொட்டிக்குள் மேலிருந்து விழவிடுங்கள். குழாய் வாய்க்கும் தொட்டி வழியும் மட்டத்துக்கும் நடுவே குழாய் விட்டத்தைப் போல் இரு மடங்கு இடைவெளியாவது வேண்டும். அந்தத் தொட்டிக்கு மூடியும் வலையும் கட்டாயம் போடுங்கள், டெங்கிக் கொசு காத்துக்கொண்டிருக்கிறது.