மீட்பு மதிப்பீட்டை உருதுவுக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த இருவர் பார்க்-10 படிவத்தை உருதுவாக்கிக் கொண்டுவந்தார்கள். 2017இல் வெளிவந்த கருவி. போதையிலிருந்து மீள்பவருக்குப் பக்கபலமாக என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 (துளியும் ஒப்பவில்லை) முதல் 6 (முழுதும் ஒப்புகிறேன்) வரை மதிப்பெண். படித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றுவிட்டேன். சில வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே சொல். எழுத்துப்பிழையையும் விடுபட்ட கேள்வியையும் யாரும் கண்டுபிடித்துவிடலாம், அவை இங்கே வேண்டாம்.

திருப்பி மொழிபெயர்த்தால் போதும் என்று நம்புவது

வாழும் சமூகத்தைப் பற்றிப் பெருமை, அதில் நானும் ஒருவன் என்ற உணர்வு: இதுதான் அந்த வரி. ஆங்கிலத்தில் 'கம்யூனிட்டி'. நான் 'கௌம்' என்று போட்டேன். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொன்னோம். அச்சு அசலாக 'கம்யூனிட்டி' என்றே வந்தது. சந்தோஷமாக அச்சடித்துவிட்டோம்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பாய் யோசிக்காமல் 6 என்றார். பத்து நிமிடத்துக்கு முன்புதான் "தெருவுல ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசறதில்ல சார்" என்று கண் கலங்கியவர். அப்புறம் எதற்கு 6?

"சொந்தக் கௌமைப் பத்திப் பெருமைப்படாதவன் உண்டா சார்?"

அவருக்குக் கௌம் என்றால் முஸ்லிம் சமுதாயம். கேள்வி கேட்டதோ அவர் தெருவை. பழைய படிவங்களைப் புரட்டினேன், அந்த வரியில் எல்லாம் 6. 'பிராதரி' என்று மாற்றினால் குலம், சொந்தபந்தம் என்று போய்விடும். 'முஆஷரா' மேடைச் சொல். கடைசியில் 'மொஹல்லா' (குடியிருக்கும் பகுதி) என்று வைத்து, அங்கே இருக்கும் ஆட்கள் என்று உடைத்துச் சொன்ன பிறகுதான் 2, 3 எல்லாம் வர ஆரம்பித்தன. அதற்குள் நாற்பது படிவம் வீண்.

திருப்பி மொழிபெயர்ப்பவர் ஆங்கிலம் படித்தவர். கௌம் என்றதும் அவருக்கு 'கம்யூனிட்டி'தான் வாயில் வரும். ஷூ கம்பெனி பாய்க்கு என்ன வரும் என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. ஐந்தாறு பேரிடம் வாசித்துக்காட்டி, "இது என்ன கேக்குது, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். "பேக் டிரான்ஸ்லேஷன் முடிஞ்சுது சார்" என்று இந்த இருவரும் சொன்னபோது அந்தப் பழைய எரிச்சல் அப்படியே வந்தது.

'கல்'

உருதுவில் நேற்றும் கல், நாளையும் கல். கிழமையைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்ஷா அல்லாஹ்வுக்கு மதிப்பெண் போடுவது

வேறு சில படிவங்களில், இந்த மாதம் தொடாமல் இருப்பீர்கள் என்று எவ்வளவு நம்பிக்கை என்று ஒரு கேள்வி வரும். பதில், "இன்ஷா அல்லாஹ்." ஓர் ஊழியர் அதை முழு நம்பிக்கை என்று குறிப்பார், இன்னொருவர் தயக்கம் என்று. அந்த வார்த்தையை மட்டும் வைத்து இரண்டையும் சொல்ல முடியாது. நாளை நடப்பதைப் பேசினாலே அது வந்துவிடும். தலையாட்டிவிட்டு, "சரி பாய், உங்க மனசுக்கு எந்த நம்பர் படுது?" என்று மறுபடி கேளுங்கள்.

வலமிருந்து இடம்

உருதுப் படிவத்தில் 1 வலப்பக்கம் இருக்கும். கணினியில் ஏற்றுபவரிடம் சொல்லிவையுங்கள்.

எழுத்து

ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் பேச்சு தக்னி (தென்னாட்டு உருது), பலருக்குப் படிப்பு தமிழில். உருது எழுத்தில் அச்சிட்ட தாளை நீட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி எடுத்து வரல" என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருவரின் சட்டைப் பையில் கண்ணாடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நானே வாசித்துவிடுகிறேன்.