பிசா டெஸ்ட்டுக்கு ஸ்கூலே அப்ளை பண்ணலாமா? பர்மிஷன் விஷயத்துல நடக்கற தப்புங்க

பிசாங்கறது 15 வயசுப் பிள்ளைங்களோட வாசிப்பு, கணக்கு, அறிவியல் திறமையை நாடு நாடா ஒப்பிடற சர்வதேசப் பரீட்சை. குடவாசல் பக்கம் ஒரு தனியார் ஸ்கூல் கரஸ்பாண்டன்ட் போன் பண்ணி, "சார், பிசா பரீட்சைல நம்ம ஸ்கூலயும் சேக்கணும், சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல யாரைப் பாக்கணும்"னு கேட்டார். யாரையும் பாக்க வேணாங்க, பாத்தாலும் ஒண்ணும் நடக்காதுன்னேன். மனுஷனுக்கு முகம் சுருங்கிருக்கும், போன்ல தெரியல.

முதல் தப்பே இதுதான், இதை ஏதோ ஒலிம்பியாட் மாதிரி பீஸ் கட்டிப் பேர் குடுக்கற பரீட்சைன்னு நினைக்கறது. பிசாவை நடத்தறது ஓஇசிடிங்கற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளோட அமைப்பு, 2000லேந்து நடக்குது, அதுல சேர்றது நாடுதான், ஸ்கூல் இல்ல. வெளிநாட்டு அமைப்போட ஒப்பந்தம் போடறது மத்திய அரசு வேலை, கல்வி பொதுப் பட்டியல்ல இருந்தாலும் மாநிலம் தனியா கையெழுத்து போட்டுட்டு வர முடியாது. எந்த ஸ்கூல்ங்கறது குலுக்கல் மாதிரி சாம்பிள்ல வந்து விழும், வந்தாலும் ஸ்கூல் ஒரு பைசா கட்ட வேண்டியதில்ல. ஆகையால "சர்வதேச மதிப்பீடு, அரசு அங்கீகாரம், ஒரு பிள்ளைக்கு இவ்ளோ ரூபாய்"னு யாராவது நோட்டீஸோட வந்தா காபி குடுத்து அனுப்பிடுங்க, அது வேற யாவாரம்.

அடுத்தது, டெல்லி ஒத்துக்கிட்டா நமக்கும் வந்துடும்னு நம்பறது. 2019 ஜனவரில மத்திய அரசு பிசா 2021க்கு ஒப்பந்தம் போட்டப்ப எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரே பரபரப்பு, ஆனா அது கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சண்டிகர் ஸ்கூல்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டுல நவோதயாவே கிடையாது, நம்ம டெல்டாவுக்குப் பக்கத்துல இருக்கறது காரைக்கால்ல, அதுவும் புதுச்சேரி கணக்கு. கடைசில கொரோனால பரீட்சை 2022க்குத் தள்ளிப் போச்சு, இந்தியா அதுலயும் கலந்துக்கல.

தமிழ்நாடு ஒரே ஒரு தடவை எழுதிருக்கு. 2009 சுற்றோட தொடர்ச்சியா 2010ல ஹிமாசலும் நாமளும் எழுதினோம், 2011 டிசம்பர்ல ரிசல்ட் வந்தப்ப 70 சொச்சம் நாடு, பகுதிங்க இருந்த பட்டியல்ல கடைசில கிடந்தோம், கூட துணைக்கு கிர்கிஸ்தான். கேள்வியெல்லாம் நம்ம ஊருக்குப் பொருந்தலன்னு அதுக்கப்புறம் இந்தியா ஒதுங்கிடுச்சு. பொருந்தாத கேள்வி கொஞ்சம் இருந்திருக்கலாம், ஆனா பத்தாவது பையன் ஒரு பத்தி படிச்சு அர்த்தம் சொல்லத் திணறினதுக்கு அது காரணமில்லன்னுதான் எனக்குத் தோணுது.

சரி, சர்வே நிஜமாவே வந்துடுச்சுன்னு வைங்க, பிசாவோ, டெல்லி நடத்தற பரக்ங்கற தேசிய சர்வேயோ, மாநிலத்தோட ஸ்லாஸ்ங்கற கற்றல் அடைவு சர்வேயோ. வாட்ஸ்அப்ல வந்த பிடிஎஃப்ஐ ஆர்டர்னு எடுத்துக்காதீங்க. செயல்முறைகள், அதாவது அதிகாரியோட எழுத்து உத்தரவு, கையில வந்ததும் எல்லாரும் தேதியை மட்டும் பாத்துட்டு மூடிடறாங்க, மேல "பார்வை"ன்னு இருக்கே, அதைப் படிக்கணும், அதுல அரசுக் கடிதமோ இயக்குநர் செயல்முறையோ ந.க. எண்ணோட (கோப்பு எண்) இருக்கான்னு பாக்கணும். சிஇஓ கடிதத்தோட பார்வைல இதெல்லாம் இல்லாம யாரோ ஒரு டிரஸ்டோட மனு மட்டும் இருந்துச்சுன்னா அது உங்க ஸ்கூலுக்குள்ள வர்றதுக்குக் குடுத்த அனுமதி, சர்வதேச சர்வேக்கான அரசு ஒப்புதல் ஆகாது. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கறவங்கதான் அதிகம்.

இப்ப சொல்லப்போறதுதான் ரொம்ப மோசம். சாம்பிள்ல மக்குப் பையன் பேர் வந்தா அவனை "லீவு"ன்னு போட்டுட்டு முதல் ரேங்க் பொண்ணை உக்கார வைக்கறது. நான் களப் பணியாளரா போன ஒரு ஸ்கூல்ல இது கண்ணு முன்னாடியே நடந்துச்சு, கேட்டா "மானம் போயிடும் சார்"ங்கறாங்க. மானம் எங்கேந்து போகும், பிசால ஸ்கூல்வாரியா ரிசல்ட்டே வெளியிட மாட்டாங்க, நாட்டுக்குத்தான் மார்க்கு. ஒரு ஸ்கூல்ல 40 பேர் சொச்சம் எழுதுவாங்க, அவங்க மொத்த வயசுக் கூட்டத்துக்கும் பிரதிநிதி, ஆளை மாத்தினா கணக்கே பொய்யாயிடும். ஸ்கூலும் பிள்ளைங்களும் வராமப் போனாலும் ஆபத்துதான், மலேசியாவுக்கு 2015ல தேர்ந்தெடுத்த ஸ்கூல்கள்லேந்து போதுமான ஸ்கூல் கலந்துக்கலன்னு ரிசல்ட்டை மத்த நாடுகளோட ஒப்பிட முடியாதுன்னு ஒதுக்கி வெச்சாங்க.

வயசுலயும் கோட்டை விடுவாங்க. பிசா வகுப்பைப் பாக்காது, 15 வருஷம் 3 மாசத்துலேந்து 16 வருஷம் 2 மாசம் வரைக்கும் உள்ள பிள்ளைங்க, ஏழாவதோ அதுக்கு மேலயோ எதுல இருந்தாலும் சரி. எமிஸ்ல (அரசோட ஆன்லைன் மாணவர் பதிவு) பிறந்த தேதி தப்பா இருந்தா பேர் வரவேண்டிய பிள்ளை விட்டுப் போயிடும், லிஸ்ட் போனப்புறம் திருத்தறேன்னு அலையறதுல பிரயோஜனம் இல்ல.

தேதி நம்ம ஊருக்குப் பெரிய தலைவலி. ஐப்பசி கார்த்திகைல அடைமழை, கலெக்டர் லீவு விட்டுடுவார், 2018 நவம்பர் 16 கஜா அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் ஸ்கூல்லாம் பாதி கூரை இல்லாம நின்னுச்சு. மார்ச்ல பத்தாவது பப்ளிக். நடுவுல கிடைக்கற நாள்ல வைக்கறாங்கன்னா, மழைக்குப் பள்ளி மூடினா ஹெச்எம்மே இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணக் கூடாது, உடனே மேல எழுத்துல சொல்லி மாத்துத் தேதி வாங்கணும்.

அரசு ஒப்புதல் இருக்கே, பெத்தவங்களை எதுக்குக் கேக்கணும்னும் ஒரு பேச்சு. பரீட்சையோட ஒரு கேள்வித்தாளும் உண்டு, வீட்ல எத்தனை புஸ்தகம், அப்பா அம்மா என்ன படிச்சிருக்காங்க, என்னென்ன சாமான் இருக்குன்னெல்லாம் கேப்பாங்க. நடவுக்குப் போற அம்மாகிட்ட இதெல்லாம் எதுக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லாம கையெழுத்து மட்டும் வாங்கினா மறுநாள் கேட்டுல வந்து நிப்பாங்க, நியாயம்தானே. பிடிஏ மீட்டிங்ல முன்கூட்டியே சொல்லிடுங்க.

அப்புறம் கேள்வியை போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க. அதுல சில கேள்விங்களை அடுத்த சுற்றுலயும் கேப்பாங்க, பழைய மார்க்கோட ஒப்பிடறதுக்கு, அதனாலதான் அவ்ளோ ரகசியம்.