வறுமையைக் குறைக்க ஒரு சமூகத் தொழில்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

சமூகத் தொழில் தொடங்கலாம் என்ற பேச்சு வந்தாலே பலரும் நேராகப் பொருளுக்குப் போய்விடுகிறார்கள். பை தைக்கலாமா, மெழுகுவர்த்தி செய்யலாமா, ஆன்லைனில் விற்கலாமா என்று யோசனை ஓடும். பொருளைப் பற்றிய கேள்வி கடைசியில் வரட்டும். ஒரு ஏழைக் குடும்பத்தின் பணம் எந்த ஓட்டை வழியாக வெளியே போகிறது, அதை அடைக்க என்ன செலவாகும், அந்தச் செலவைத் தொழிலே தாங்குமா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அதற்கான வழிதான். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில், எதைச் சமூகத் தொழில் என்கிறோம் என்று தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்த எண்ணத்தைப் பரப்பியவர் வங்கதேசத்தின் முகமது யூனுஸ். 1976இல் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தபோது, பக்கத்திலிருந்த ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தமாக 856 டாக்கா கடன் கொடுத்தார். டாக்கா என்பது வங்கதேச நாணயம். அன்றைய மதிப்பில் சுமார் 27 டாலர். அந்த முயற்சி 1983இல் கிராமீன் வங்கியானது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவர் வகுத்த விதிகள் எளிமையானவை. தொழிலின் நோக்கம் வறுமை போன்ற ஒரு சமூகப் பிரச்சினையைத் தீர்ப்பது. தொழில் தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும். முதலீடு செய்தவர் போட்ட பணத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் பங்காதாயம், அதாவது லாபத்தில் பங்கு, கிடையாது. மிஞ்சும் லாபம் தொழிலுக்குள்ளேயே இருக்கும். வேலை செய்பவர்களுக்குச் சந்தைச் சம்பளம், அதைவிட நல்ல பணிச்சூழல். இன்னொரு வகையும் உண்டு. தொழில் ஏழைகளுக்கே சொந்தமாக இருந்தால் பங்காதாயம் கொடுக்கலாம், ஏனென்றால் அது அவர்கள் கைக்குத்தான் போகிறது. கடன் வாங்கும் பெண்களே பெரும்பாலான பங்குகளை வைத்திருக்கும் கிராமீன் வங்கி இந்த இரண்டாம் வகை.

படி 1: குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள்

நீங்கள் வேலை செய்ய நினைக்கும் பகுதியில் பத்துப் பதினைந்து குடும்பங்களுடன் உட்காருங்கள். "மாதம் எவ்வளவு வருமானம்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. தினக்கூலிக்கும் சிறுதொழிலுக்கும் மாத வருமானம் என்ற ஒன்றே இருப்பதில்லை. போன வாரத்தைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை நாள் வேலை கிடைத்தது, என்ன வாங்கினீர்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினீர்கள், கடனாகவா ரொக்கமாகவா, வேலைக்குப் போகாத நாளில் ஏன் போகவில்லை. அப்புறம் வருடத்தின் மோசமான மாதங்கள் எவை என்று கேளுங்கள்.

நாலைந்து வீடுகளுக்குள்ளேயே ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். சில இடங்களில் வட்டிதான் எல்லாவற்றையும் விழுங்கும். சில இடங்களில் மொத்தமாக வாங்கப் பணமில்லாமல் தினம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, வசதியானவர் கொடுப்பதைவிட அதிக விலை கொடுப்பார்கள். நோயால் இழக்கும் வேலைநாள் ஒரு பெரிய ஓட்டை. உழைத்துச் செய்த பொருளுக்கு அடிமாட்டு விலை கிடைப்பது இன்னொன்று. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வேண்டாம்.

"இப்படி ஒரு பொருள் கொண்டுவந்தால் வாங்குவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வீடு தேடி வந்தவரிடம் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை. அந்த "வாங்குவோம்" என்ற பதிலை நம்பிச் சரக்கை இறக்கிவிட்டு, பிறகு விற்க வழியில்லாமல் நிற்பதுதான் புதியவர்களுக்கு முதலில் நேர்வது.

படி 2: அந்த இடத்தில் இப்போது இருப்பவர் என்ன வேலை செய்கிறார்?

ஜோப்ராவில் யூனுஸ் சந்தித்த ஒரு பெண் மூங்கில் முக்காலி செய்துகொண்டிருந்தார். மூங்கில் வாங்க 5 டாக்கா தேவை. அது கையில் இல்லாததால் வியாபாரியிடம் கடனாக வாங்கினார். செய்த முக்காலியை அவரிடமே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நாள் முழுக்க உழைத்து அவருக்கு மிஞ்சியது 50 பைசா.

இதைப் படிக்கும்போது வியாபாரி மேல் கோபம் வருவது இயல்பு, எனக்கும் வருகிறது. ஆனால் கோபத்தை ஒதுக்கிவிட்டு அவர் செய்யும் வேலையை எண்ணிப் பாருங்கள். தொழிலுக்கான பணம் கொடுக்கிறார். மூலப்பொருளுக்கு வழி செய்கிறார். செய்ததை மறுபேச்சில்லாமல் உடனே எடுத்துக்கொள்கிறார். மூன்று வேலைகள். நீங்கள் கடன் மட்டும் கொடுத்தால் முதல் வேலைக்குத்தான் மாற்று கிடைக்கும். மூங்கிலை யார் கொண்டுவருவது, மழைக்காலத்தில் விற்காத முக்காலியை யார் எடுத்துக்கொள்வது என்ற கேள்விகள் அப்படியே நிற்கும். அவசரத்துக்கு நள்ளிரவில் கைமாற்று கொடுப்பதும் பெரும்பாலும் அதே வியாபாரிதான். அந்த உறவை முறித்துக்கொண்டு உங்கள் பக்கம் வா என்று ஒரு குடும்பத்தைக் கேட்கிறீர்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் இப்போதைய இடைத்தரகர் செய்யும் எல்லா வேலைகளும். வலப்பக்கம் அவற்றை உங்கள் தொழில் எப்படிச் செய்யும் என்பது. வலப்பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் இன்னும் தொடங்க வேண்டாம்.

படி 3: ஏழைக் குடும்பம் எந்த இடத்தில் நிற்கும்?

அவர்கள் வாடிக்கையாளராக, உற்பத்தியாளராக, ஊழியராக அல்லது உரிமையாளராக இருக்கலாம். வாடிக்கையாளர் என்றால் அவர்களின் செலவு குறைய வேண்டும் அல்லது உடல்நலம் போன்ற ஒரு நன்மை கிடைக்க வேண்டும். மற்ற மூன்றிலும் வருமானம் கூட வேண்டும். எது என்று எழுதி வையுங்கள். பின்னால் அளக்கும்போது இந்த ஒரு வரிதான் தேவைப்படும்.

படி 4: ஒரு பொருளுக்கான கணக்கு

இங்கே நிதானமாகப் போவோம். முக்காலி போல ஒரு கைவினைப் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்களெல்லாம் கற்பனை, நாணயம் எதுவாக இருந்தாலும் சரி.

இப்போதைய நிலை: மூலப்பொருள் 50, வியாபாரி கொடுக்கும் விலை 55, செய்பவருக்கு 5. அதே பொருளை நகரத்துக் கடை 90 கொடுத்து எடுக்கிறது.

உங்கள் தொழில் மொத்தமாகக் கொள்முதல் செய்வதால் மூலப்பொருள் 42க்குக் கிடைக்கிறது. போக்குவரத்து 6. உடைந்ததும் விற்காததும் சேர்த்துப் பொருளுக்கு 5. செய்பவருக்கு 5க்குப் பதில் 20 கொடுக்க முடிவு செய்கிறீர்கள். கூட்டினால் 73. தொண்ணூறில் கழித்தால் 17 மிச்சம்.

இந்தப் 17ஐ லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஊழியர் சம்பளம், கிடங்கு வாடகை, தொலைபேசி என்று மாதம் 6,000 நிலையான செலவு இருக்கிறது. 6,000ஐ 17ஆல் வகுத்தால் மாதம் 353 பொருள். அதற்குக் கீழே விற்றால் நஷ்டம். 500 விற்றால் 2,500 மிஞ்சும், அது அடுத்த மாதங்களின் பாதுகாப்பு.

இப்போது 300தான் விற்கிறது என்றால் என்ன செய்வீர்கள்? செய்பவரின் கூலியை 20இலிருந்து 10 ஆக்கினால் 223 பொருளிலேயே கணக்கு சரியாகிவிடும். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் வழி அதுதான், அதனால்தான் அதைச் செய்யக் கூடாது என்று முதலிலேயே முடிவெடுத்துவிட வேண்டும். கூலியை நிலையான எண்ணாக வைத்துக்கொண்டு மற்ற எண்களைத்தான் திருத்த வேண்டும். கிடங்கு தேவையா, இன்னும் நல்ல விலை கொடுக்கும் கடை உண்டா, உடைவதை 5இலிருந்து 2 ஆக்க முடியுமா என்று தேடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. வியாபாரி அன்றன்றே பணம் கொடுக்கிறார். நீங்களும் அன்றன்றே கொடுத்தாக வேண்டும், அந்தக் காசை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். நகரத்துக் கடையோ இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தரும். மாதம் 500 பொருள் என்றால், பணம் வருவதற்குள் 1,000 பொருளுக்கு நீங்கள் கைக்காசு போட்டிருப்பீர்கள். மூலப்பொருள், போக்குவரத்து, கூலி சேர்த்து ஒன்றுக்கு 68. ஆக 68,000. இரண்டு மாத நிலையான செலவு 12,000. மொத்தம் 80,000. காகிதத்தில் மாதம் 2,500 லாபம் காட்டும் தொழிலுக்குக் கையில் 80,000 சும்மா சுழல வேண்டும். இந்த நடைமுறை மூலதனத்தை ஒதுக்காமல் இறங்கினால், விற்பனை நன்றாகப் போகும்போதே தொழில் மூச்சுத் திணறும். விற்பனை கூடக் கூட இந்தத் தொகையும் கூடும்.

படி 5: விலை யாருக்கு எவ்வளவு?

ஏழைகள் வாடிக்கையாளர் என்றால் விலையில் சில காசுகள் தவறினாலும் எல்லாம் மாறிவிடும். கிராமீன் அமைப்பும் பிரான்ஸின் உணவு நிறுவனமான டனோனும் 2006இல் சேர்ந்து தொடங்கிய தொழில் இதற்கு நல்ல பாடம். குழந்தைகளின் சத்துக்குறைவைப் போக்க, நுண்சத்துகள் சேர்த்த தயிரை 80 கிராம் கோப்பையில் 5 டாக்காவுக்கு விற்றார்கள். 2008 வாக்கில் பால் விலை ஏறியதால் 8 டாக்கா ஆக்கினார்கள். கிராமங்களில் விற்பனை சரிந்துவிட்டது. பிறகு கோப்பையை 60 கிராமாகச் சிறிதாக்கி 6 டாக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே தலைநகர் டாக்காவில் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். நகரத்து வருமானம் கிராமத்து விலையைத் தாங்கியது.

ஒருவர் கொடுக்கும் விலை இன்னொருவருக்குக் கைகொடுக்கும் இந்த முறையை மிகத் திறமையாகச் செய்துகாட்டியது அரவிந்த் கண் மருத்துவமனை. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் இலவசப் பிரிவும் நடக்கிறது. நோயாளிகளிடம் வருமானச் சான்று கேட்பதில்லை, எந்தப் பிரிவு என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். அறை வசதியில் வேறுபாடு உண்டு, சிகிச்சையில் இல்லை. ஒரே மருத்துவர்கள்தான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பணி செய்கிறார்கள். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை தடையாக இருந்ததால் 1992இல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்பையே தொடங்கினார்கள்.

இந்த முறையில் ஒரு எச்சரிக்கை வேண்டும். காசு கொடுக்கும் வாடிக்கையாளரைக் கவனிப்பது எப்போதுமே சுலபமாக இருக்கும், மெல்ல மெல்லத் தொழில் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். மொத்த விற்பனையில் ஏழைக் குடும்பங்களின் பங்கு இத்தனை சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு எல்லை வைத்து மாதாமாதம் பாருங்கள்.

படி 6: முதலும் சட்ட வடிவமும்

பணம் போடுபவரிடம் ஆரம்பத்திலேயே எழுதி வாங்குங்கள்: போட்ட தொகை எப்போதிலிருந்து எத்தனை தவணையில் திரும்பும், அதற்கு மேல் எதுவும் கிடையாது. உறவினர், நண்பர் என்றால் இன்னும் கட்டாயமாக எழுதுங்கள்.

கூட்டுறவுச் சங்கம், லாப நோக்கமற்ற நிறுவனம், சாதாரண கம்பெனி என்று வடிவங்கள் நாட்டுக்கு நாடு மாறும். எதைத் தேர்ந்தாலும், சொத்தையும் லாபத்தையும் தனிநபர்கள் பிரித்துக்கொள்ள முடியாதபடி பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் 2005 முதல் இதற்கென்றே தனி வகைக் கம்பெனி இருக்கிறது. அப்படி இல்லாத இடத்தில் உங்கள் அமைப்பு விதிகளிலேயே அதை எழுத வேண்டும். இதற்கு ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு இல்லை.

படி 7: சிறிதாக ஓட்டிப் பார்த்து அளங்கள்

இருபது குடும்பங்கள் போதும். மூன்று நான்கு மாதங்கள், அதில் ஒரு மோசமான மாதமாவது வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பருவத்தில் எல்லாத் தொழிலும் ஓடும்.

எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம், எத்தனை பொருள் விற்றோம் என்பதெல்லாம் உங்கள் உழைப்பின் அளவு. வறுமை குறைந்ததா என்பதற்குப் படி 1இல் எடுத்த அதே குடும்பக் கணக்கை மறுபடி எடுக்க வேண்டும். சேராத சில குடும்பங்களின் கணக்கையும் எடுங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் பொதுவாக வந்த மாற்றத்தை உங்கள் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். நுண்கடன், அதாவது ஜோப்ராவில் கொடுத்தது போன்ற சிறு கடன், விஷயத்தில் இப்படி அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015இல் வெளிவந்தன. கடன் கிடைத்ததால் சிலர் தொழிலை விரிவாக்கினார்கள், ஆனால் சராசரிக் குடும்ப வருமானத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. திருப்பிச் செலுத்தும் விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

படி 8: யாருக்கு இது எட்டாது?

உங்கள் இருபது குடும்பங்களில் இரண்டு மூன்று பாதியிலேயே விலகும். அவர்களைத் தேடிப் போங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், பட்டினியில் மூலப்பொருளையே விற்றுவிட்டவர், தூரம் நடக்க முடியாத முதியவர் அங்கே இருப்பார்கள். அவர்களை வாடிக்கையாளராகவோ உற்பத்தியாளராகவோ ஆக்க முயல்வது நியாயமில்லை. அவர்களுக்கு முதலில் வேண்டியது திருப்பிக் கேட்காத உதவி. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002இல் இதற்காக ஒரு திட்டம் தொடங்கியது. ஆடு மாடு போன்ற ஒரு சொத்து இலவசமாக, சில மாதங்களுக்கு உணவுக்கான உதவித்தொகை, பயிற்சி, சேமிப்பு, அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒருவர் என்று எல்லாம் சேர்ந்தது. இதே முறையை ஆறு நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் சோதித்ததில், திட்டம் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் முன்னேற்றம் நிலைத்திருந்தது.

உங்கள் பகுதியில் அரசோ தொண்டு நிறுவனமோ இப்படி ஒன்றை நடத்தினால், விலகிய குடும்பங்களை அங்கே சேர்த்துவிடுங்கள். அங்கே கொஞ்சம் நிமிர்ந்த பிறகு அவர்கள் திரும்பி வர விரும்பினால் சேர்வதற்கு மூலப்பொருளும் இடமும் தயாராக இருக்கும்படி, அடுத்த வருடக் கணக்கிலேயே அவர்களுக்கும் ஒரு பங்கை எழுதி வையுங்கள்.