கல்லா, புதைபடிவமா? உருவத்தை மட்டும் நம்புவதால் நேரும் தவறுகள்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது உருண்டையான பெரிய கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்ற செய்தி படங்களோடு வேகமாகப் பரவியது. நேரில் பார்த்த புவியியலாளர்கள் அவை முட்டைகள் அல்ல என்றும், அம்மோனைட் என்னும் பழங்கடல் உயிரினத்தோடு தொடர்புடைய படிவுகள் என்றும் விளக்கினார்கள். ஆர்வத்தோடு கல்லைப் பார்ப்பவர்கள் அனைவரும் முதலில் செய்யும் தவறு இதுதான்: உருவம் எதையோ நினைவூட்டியவுடன் அதுவாகவே இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் உருவம் கடைசியாகக் கேட்க வேண்டிய சாட்சி. கல் எந்த வகை, எந்தப் படிவில் கிடந்தது, அதன் உள்ளமைப்பு என்ன ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே உருவத்தின் வாக்குமூலத்துக்கு மதிப்பு உண்டு.

உருண்டைக் கற்கள் உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கடலடிச் சேறு இறுகிப் பாறையாகும் முன், அதற்குள் கிடக்கும் சிப்பியையோ வேறு துணுக்கையோ மையமாகக் கொண்டு சுண்ணம் போன்ற கனிமங்கள் படியத் தொடங்குகின்றன. எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே சீராகப் படிவதால் திரள் உருண்டையாகிறது. பின்னர் சுற்றியுள்ள மென்மையான களிமண் மழையில் கரைந்தோட, கெட்டியான திரள் மட்டும் தரையில் மிஞ்சுகிறது. இத்தகைய கற்கள் ஒரே இடத்தில் எலுமிச்சை அளவிலிருந்து பலாப்பழ அளவு வரை கலந்து கிடக்கலாம். முட்டைகள் அப்படி இருக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தின் நர்மதைப் பள்ளத்தாக்கில் 92 கூடுகளிலிருந்து 256 முட்டைகளை விவரித்து 2023இல் ஆய்வு வெளியானது. அந்த முட்டைகள் ஏறத்தாழ ஒத்த அளவில், கூடு கூடாக, நிலத்தில் படிந்த பாறையில் கிடைத்தவை. அவற்றில் சில மில்லிமீட்டர் தடிமனுக்குள் அடங்கும் ஓடு தனி அடுக்காகத் தெரியும், அந்த ஓட்டில் நுண்துளைகளும் இருக்கும். ஓடு இல்லாமல் உள்ளும் புறமும் ஒரே பொருளாக இருக்கும் உருண்டையை, அதிலும் கடற்படிவில் கிடைத்ததை, முட்டை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

பாறை வகையைக் கவனிக்காமல் விடுவது அடுத்த தவறு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி சார்னோக்கைட், நைஸ் போன்ற மிகப் பழைய கடும்பாறைகளால் ஆனது. பூமிக்குள் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான அந்தப் பாறையில் எலும்போ சிப்பியோ இருக்க வழியில்லை. ஆகவே சேலத்துக் கரட்டில் கிடைத்த கல் பாதம்போல எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அது பாதம் அல்ல. மாறாக, அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில் டைனோசர்கள் வாழ்ந்த கிரிடேசியஸ் காலத்தில் உருவான கடற்படிவுகளில் அம்மோனைட், சிப்பி, கடல் முள்ளெலி ஆகியவை கிடைப்பது இயல்பு.

அந்தப் பகுதியிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. பெரம்பலூர் மாவட்டம் காரையில், களிமண் மேடுகளின் வெடிப்புகளை நிரப்பியிருக்கும் ஜிப்சம் நார் நாராகப் பிளவுபடும். புதிதாகப் பார்ப்பவர் அதை மரம் என்றோ எலும்பு என்றோ எண்ணிவிடுவார். நகத்தால் கீறினால் கோடு விழும் என்பதே அதை அடையாளம் காணப் போதும். மண்ணுக்குள் சுண்ணம் திரண்டு உருவாகும் சுக்கான்கல் முண்டும் முடிச்சுமாக எலும்பைப் போலவே இருக்கும், ஆனால் உடைந்த முகத்தில் எலும்புக்குரிய நுண்ணறை அமைப்பு இராது. பாறைப் பிளவில் கறுப்பாகக் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும் பெரணி இலைச் சித்திரம் பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடு படிந்ததால் ஆனது. அதில் நடு நரம்பு இருக்காது, இலைகள் ஒரே ஒழுங்கில் அமைந்திருக்காது, கிளைகள் தாறுமாறாகப் பிரியும்.

எதிர்த்திசைத் தவறும் இதே அளவு நடக்கிறது. என் பார்வையில் இழப்பு இதில்தான் அதிகம். அழகில்லாத உண்மையான புதைபடிவத்தை வெறும் கல் என்று கடந்துவிடுகிறோம். கணவாயின் தொலைதூர உறவான பெலம்னைட்டின் உள்ளோடு, காரையில் ஒரு முனை கூரான சிறு பழுப்புக் குச்சியாகக் கிடக்கும். அதன் உடைந்த முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தால், நடுப்புள்ளியிலிருந்து எல்லாத் திசைக்கும் ஓடும் சுண்ண இழைகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் வளர்ச்சி வளையங்களும் தெரியும். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் உள்ள, கல்லாகிவிட்ட பழங்கால மரங்களான கல்மரங்களிலும் வெளித்தோற்றத்தைவிடக் குறுக்குவெட்டே முக்கியம். நீரைக் கடத்திய நுண்குழாய்களின் துளைகள் சிலிக்காவாக மாறிய பிறகும் அங்கே நிலைத்திருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் மக்கள் தலைமுறைகளாகக் குலதெய்வமாக வணங்கிய உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று 2023இல் தெரியவந்ததும் இங்கே நினைக்கத்தக்கது.

வீட்டுச் சோதனைகளை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. வினிகர் பட்டதும் நுரைத்தால் அதில் சுண்ணம் இருக்கிறது என்பது மட்டுமே பொருள். சிப்பியும் நுரைக்கும், சுக்கான்கல்லும் நுரைக்கும், சிலிக்காவாகிவிட்ட உண்மையான கல்மரமோ நுரைக்காது. நாக்கில் ஒட்டினால் எலும்பு என்ற வழக்கும் அப்படித்தான், உலர்ந்த களிமண்ணும் ஒட்டும்.

கைதேர்ந்தவர்களும் தவறுவார்கள் என்பதால்தான் அவசர முடிவைத் தவிர்க்கச் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகையில் டிக்கின்சோனியா என்னும் மிகத் தொன்மையான உயிரினத்தின் படிவம் இருப்பதாக 2021இல் வெளியான கட்டுரை உலகக் கவனம் பெற்றது. 2023இல் வேறொரு குழு மீண்டும் பார்த்தபோது அது பாறையில் ஒட்டியிருந்த பழைய தேன்கூட்டின் எச்சம் என்று தெரிந்தது. முதலில் அறிவித்த ஆய்வாளரும் அதை ஏற்றுக்கொண்டார். தேன்கூடு அதே இடத்தில் இருந்ததால்தான் திருத்தம் சாத்தியமாயிற்று. அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்து, புருகத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட பேருருவ டைனோசரின் எலும்புகளுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது. அவை எலும்பா, கல்மரமா என்ற ஐயம் பின்னாளில் எழுந்தபோது மூல மாதிரிகள் சிதைந்து அழிந்துவிட்டிருந்தன. எஞ்சியது படங்களும் குறிப்புகளும்தான்.

எனவே ஐயம் தரும் கல்லை உள்ளே என்ன என்று பார்க்கச் சுத்தியலால் உடைக்கவோ, கழுவித் தேய்த்து வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோகவோ வேண்டாம். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற தகவல் போய்விட்டால் நல்ல படிவமும் அறிவியலுக்குப் பாதிதான் பயன்படும். கல்லை இருந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஒரு அளவுகோலையோ நாணயத்தையோ வைத்துப் பல கோணங்களில் படம் எடுங்கள். சுற்றியுள்ள மண்ணையும் ஒரு படத்தில் சேர்த்து, கைபேசியில் இடக்குறிப்பைப் பதிந்து, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் (ஜியாலஜி) துறைக்கோ இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கோ அனுப்புங்கள். திருவக்கரை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது.