சீன ஓவியத்தில் ஜப்பானிய மர அச்சின் தடத்தைக் கண்டறியும் முறை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு சீனப் படத்தில் தட்டையான வண்ணமும் அழுத்தமான கோடும் தென்பட்டவுடன் அதை ஜப்பானிய மர அச்சின், அதாவது மரப்பலகையில் செதுக்கித் தாளில் பதிக்கும் படக்கலையின், தாக்கம் என்று எழுதிவிட வேண்டாம். வண்ண மர அச்சில் சீனாவே மூத்தது: நான்ஜிங்கில் ஹு செங்யான் 1633-இல் முடித்த பத்து மூங்கில் மன்றம் என்ற வண்ண அச்சுப் படத் தொகுப்பும், 1679 முதல் வெளிவந்த கடுகுவிதைத் தோட்டம் என்ற ஓவியப் பயிற்சி நூலும் கடல் கடந்து ஜப்பானிய ஓவியர்களுக்குப் பாடமாயின, ஜப்பானிய ஓவியர் சுசுகி ஹருனோபுவின் முழு வண்ண அச்சுகளோ 1765-இல்தான் தோன்றின. நீங்கள் அந்நியச் சாயல் என்று கருதுவது, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த மகளின் முகமாகவும் இருக்கலாம்.

ஆகவே படத்தைப் பார்ப்பதற்கு முன் வரைந்தவரின் வழியைப் பாருங்கள். அவர் ஜப்பானுக்குச் சென்றாரா, எந்த ஆண்டில், அங்கே யாருடைய படைப்பு அவர் கைக்கு எட்டியது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால்தான் மேலே பேச முடியும்.

இந்த முறையைப் பழகுவதற்குச் சீன ஓவியர் ஃபெங் சிகாயைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1921-இல் தோக்கியோவில் சில மாதங்களே தங்கிய அவர், பழைய புத்தகக் கடையொன்றில் ஜப்பானிய ஓவியர் தக்கேஹிசா யுமேஜியின் படத்தொகுப்பைக் கண்டெடுத்தார். மரத்தில் செதுக்கி அச்சிடப்பட்ட அந்தச் சிறு படங்கள், சில கோடுகளிலேயே ஒரு கவிதையின் உணர்வைத் தந்தன. 1924-இல் ஃபெங் வெளியிட்ட, ஆட்கள் கலைந்துபோன பிறகு பிறைநிலா தெரியும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுருட்டிய மூங்கில் திரை, மேசைமேல் தேநீர்க் குடுவை, சில கோப்பைகள். மனிதர் எவரும் இல்லை. எதை விட்டுவிடுவது என்ற துணிவு யுமேஜியிடமிருந்து வந்தது. ஆனால் கோட்டை உற்றுப் பாருங்கள்: அது உளியின் சீரான தடம் அன்று, எழுத்துக்கலை பயின்ற கையின் தூரிகை தடித்தும் மெலிந்தும் செல்லும் தடம். தலைப்பாக நிற்பதும் பழைய சீனக் கவிதை வரியே. கடன் வாங்கியதும் சொந்தமானதும் இவ்வாறு ஒரே தாளில் பிரித்துக் காணத்தக்கவை.

காவ் ஜியான்ஃபு முதலிய, தென் சீனாவின் லிங்னான் மரபு ஓவியர்களின் பனிமூட்டத்தை இதில் சேர்க்க வேண்டாம். அது ஜப்பானியத் தூரிகை ஓவியத்தின் கொடை, அச்சின் கொடை அன்று.

படம் ஓவியமாக இல்லாமல் அச்சாகவே இருந்தால், எந்த ஜப்பானிய மரபு என்பதையும் பிரித்தறிய வேண்டும். பழைய மர அச்சு ஓவியர் ஹொக்குசாயின் காலத்தில் வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் எனத் தொழில் பிரிந்திருந்தது. ஜப்பானியக் கலைஞர் யாமமோத்தோ கனாயே 1904-இல் செய்த மீனவர் படத்திலிருந்து, மூன்றையும் ஓவியர் ஒருவரே செய்யும் புதிய இயக்கம் வளர்ந்தது. 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் எழுத்தாளர் லு சுன் ஏற்பாடு செய்து, தாமே மொழிபெயர்ப்பாளராக நின்ற ஆறு நாள் வகுப்பில், ஜப்பானியரான உச்சியாமா காக்கிச்சி பதின்மூன்று மாணவர்களுக்குக் கற்பித்ததும் இந்தப் புதிய முறையைத்தான். அந்த வட்டத்தின் அச்சுகளில் பெரும்பாலும் கருப்பும் வெள்ளையுமே இருக்கும். உளித்தடங்கள் மறைக்கப்படாமல் கரடுமுரடாக நிற்கும். அவலத்தைக் காட்டும் முகங்களில் ஜெர்மானியரான கேத்தே கோல்விட்ஸின் சாயலையும் தேடுங்கள், ஏனெனில் லு சுன் அவருடைய அச்சுகளையும் சேகரித்துப் பரப்பினார்.