பழைய டின்னில் செடி வைப்பதற்கு முன்: மலைத் தோட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளின் முகப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, 15 கிலோ எண்ணெய் டின்னில் பூத்துக் குலுங்கும் ஜெரேனியம் புதிய காட்சியாக இராது. கடையில் வாங்கிய தொட்டியைவிட அந்த டின்தான் அழகு என்பது என் கட்சி. ஆனால் பழைய கலங்களைத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் செய்யும் பெரிய தவறுகள் கழுவும்போது நிகழ்வதில்லை. அதில் முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற இரண்டையும் விசாரிக்காமல், கையில் கிடைத்ததைத் தேய்க்கத் தொடங்குவதில்தான் நிகழ்கின்றன.

பூச்சிமருந்து கேனை எடுத்துக்கொள்வோம். கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் ஊர்களில் அது வரப்போரம் எளிதாகக் கிடைக்கும்; கனமான பிளாஸ்டிக் என்பதால், மேற்பகுதியை அறுத்துவிட்டால் நல்ல தொட்டியாகும் என்று தோன்றும். ‘மூன்று தடவை அலசிவிட்டேன்’ என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. மும்முறை அலசுவது, மிச்ச மருந்தைத் தெளிப்பானுக்குள் சேர்ப்பதற்கும், அப்புறப்படுத்தப்படும் கேனால் பிறருக்குத் தீங்கு நேராமல் இருப்பதற்கும் சொல்லப்பட்ட முறையேயன்றி, அதை மீண்டும் பயன்படுத்த அளிக்கப்பட்ட அனுமதியன்று. பிளாஸ்டிக் தன் சுவருக்குள் மருந்தை ஈர்த்து வைத்துக்கொள்கிறது; எந்த சோப்பும் அவ்வளவு உள்ளே போகாது. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே காலிக் கலங்களை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்கின்றன. பூச்செடிக்குத்தானே என்றும் சமாதானம் கொள்ள வேண்டாம். செடி பட்டுப்போனபின் அதே கேனில் யாரேனும் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். பழைய பெயின்ட் டப்பாவில் ஈயம் இருக்கக்கூடும். அதில் கீரையோ கொத்தமல்லியோ வேண்டாம்.

இனி, ஒட்டிக்கொண்டிருக்கும் மண். நீலகிரியில் இதை நான் மருந்துக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் கூட்டு நூற்புழு என்ற நுண்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1961இல், ஊட்டி விஜயநகரத்தில்தான். தாய்ப்புழு இறந்தபின் அதன் உடலே கடினமான கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல ஆண்டுகள் காத்து நிற்கும். கடுகைவிடச் சிறிய அந்தக் கூட்டை மண்ணிலிருந்து கண்ணால் பிரித்தறிவது அரிது. முட்டைக்கோஸின் வேரை வீங்கச் செய்யும் நோயின் வித்துகளும் அப்படியே. நம் மலையின் புளிப்பு மண் அவற்றுக்கு மிகவும் உகந்தது. ஆகவே காய்கறி வயலிலிருந்து வந்த வாளியின் அடியில் ஒரு பிடி மண் காய்ந்து கிடந்தால், அதன்மேலேயே புது மண்ணைக் கொட்டுவது அந்த வயலின் நோயை வீட்டுக்கு அழைத்து வருவதாகும்.

இதற்கு மருந்தாகப் பலரும் நேராக ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். குளோரின் மண்ணையும் மக்கையும் தொட்டவுடனேயே தன் வலுவை இழந்துவிடுவதால், கட்டிக்குள் இருப்பதை அது எட்டுவதேயில்லை. முதலில் தேங்காய் நாராலும் பழைய பல் பிரஷாலும் மண் முழுவதையும் தேய்த்து அகற்ற வேண்டும். டின்னின் மடிப்பு விளிம்பிலும் வாளியின் கைப்பிடிக் குழியிலும்தான் மண் ஒளிந்திருக்கும். அழுக்குப் போனபின், திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என அன்றைக்கே கலந்த கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலச வேண்டும். இது பிளாஸ்டிக்குக்கும் கண்ணாடிக்கும் உரியது. தகர டின்னை இக்கரைசல் அரித்துவிடும், அதற்கு சோப்பும் சூடான நீரும் வெயிலும் போதும். கழிப்பறை சுத்தம் செய்யும் ஆசிட்டையோ, மண்தொட்டியின் வெள்ளை உப்புப் படிவத்துக்காக வாங்கிய வினிகரையோ ப்ளீச்சுடன் சேர்த்துவிடாதீர்கள்; நச்சுக் காற்று கிளம்பும். கழுவிய நீரைக் காய்கறிப் பாத்தியிலோ ஓடையிலோ விடாமல், இரண்டுக்கும் தள்ளி ஒரு குழியில் ஊற்றுங்கள்.

எண்ணெய் டின்னைக் கழுவாமல் இரவில் வாசலில் போட்டு வைப்பது சமவெளியில் வெறும் சோம்பல். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அது கரடிக்கு வைக்கும் அழைப்பு. கோயிலில் விளக்குக்கு வைத்த எண்ணெயைத் தேடி வரும் கரடிக்கு உங்கள் டின்னின் வாசனை எட்டாமலா இருக்கும்? கொண்டுவந்த அன்றே சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, பிசுக்கு விரலில் ஒட்டாமல் போகும்வரை தேய்த்துவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் சலவை சோடா ஆகாது.

துளையிடுவதில் நானே பல ஆண்டுகள் பிழை செய்திருக்கிறேன். டின்னைக் கவிழ்த்துப் போட்டு, வெளியிலிருந்து ஆணியை அடிப்பதுதான் எளிது. அப்படி அடித்தால் தகரத்தின் பிசிறு உட்புறம் எழும்பி நிற்கும். அந்த உயரத்துக்குத் தண்ணீர் வடியாமல் தேங்கும். என் ஃபுஷியா பூச்செடிகள் இரண்டு, தென்மேற்குப் பருவத்தில் வேரழுகிப் போன பிறகே காரணம் புரிந்தது. டின்னுக்குள் ஆணியை வைத்து வெளிநோக்கி அடிக்க வேண்டும், கீழே ஒரு மரக்கட்டை இருக்கட்டும். அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் வடியும் என்பதும் பிழையான நம்பிக்கையே. மண் முற்றிலும் நனைந்து நிரம்பிய பிறகுதான் நீர் சரளைக்குள் இறங்கும் என்பதால், ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்கு இன்னும் அருகில் ஏறிவிடுகிறது. சரளையை விட்டுவிட்டு, இரண்டு செங்கல்மேல் டின்னைத் தூக்கி வையுங்கள்.

ஊட்டியில் உறைபனி விழும் மாதங்களில் நனைந்த மண்தொட்டியை வெறும் புல்தரையில் விட்டால், சுவருக்குள் ஊறிய நீர் உறைந்து விரிந்து ஓடு உதிரும். மீன் வரும் தெர்மோகோல் பெட்டி குளிரை நன்றாகத் தாங்கும். ஆனால் ஓரம் உடைந்து மணிமணியாக ஓடைக்குப் போவதால் எனக்கு அதில் மனமில்லை.

காலியாக இருக்கும் கலங்களை மழையில் நிமிர்த்தி வைக்கும் வழக்கமும் போக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடாமல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்த பிறகே குப்புற அடுக்க வேண்டும். இந்த வேலைகளையெல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெயில் நாட்களில் முடித்துக்கொள்வது நல்லது; மூடுபனி இறங்கிய ஜூலையில் கழுவிய டின் மூன்று நாளானாலும் காயாது, மடிப்பில் துருவேறத் தொடங்கிவிடும்.