நாய் உடம்பு சொல்றத தப்பா புரிஞ்சுக்காதீங்க: எல்லாரும் பண்ற தப்புகள்

வாலாட்டுற நாய் கடிக்காதுன்னு நம்பி கிட்ட போயி கடி வாங்குறவங்க நிறைய பேர். வால் ஆடுதுன்னா அது பரபரப்பா இருக்குன்னு மட்டும் தான் அர்த்தம், சந்தோஷமாவும் இருக்கலாம் கோவமாவும் இருக்கலாம். இடுப்பெல்லாம் நெளிஞ்சு மொத்த உடம்பும் தொளதொளன்னு ஆடுச்சுன்னா சரி, ஆனா உடம்பு கட்டை மாதிரி விறைச்சு, வால் மேல தூக்கி நுனி மட்டும் வெடவெடன்னு ஆடுச்சுன்னா அங்கயே நின்னுடுங்க.

அடுத்து இந்த திருட்டு முழி. செருப்பைக் கடிச்சுட்டு காதை மடக்கி, தலைய தொங்கப்போட்டு பாக்குது, தப்பு பண்ணது அதுக்கே தெரியுதுன்னு சொல்லுவோம்ல, 2009ல அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் இத டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க. தப்பே பண்ணாத நாயும் ஓனர் திட்டுனா அதே முழி தான் முழிச்சுது, சொல்லப்போனா இன்னும் அதிகமாவே. அது உங்க கோவத்தப் பாத்து வர்ற பயம், அத பாத்துட்டு இன்னும் திட்டுறது பாவம்ங்க.

குழந்தைங்க நாயைக் கட்டிப்புடிச்சு எடுத்த போட்டோவ கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்க. பல போட்டோல நாய் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு கண்ண மட்டும் இந்தப் பக்கம் ஓட்டும், ஓரத்துல வெள்ளை தெரியும், வாய் இறுக்கி மூடியிருக்கும். சாப்பாடே இல்லாம நாக்கால மூக்க நக்குறது, தூக்கம் வராமயே கொட்டாவி விடுறது, இதெல்லாமும் "எனக்கு புடிக்கல, விடு"ன்னு சொல்றது தான். பெரும்பாலான நாய்க்கு கட்டிப்புடிக்கிறது புடிக்காது.

எல்லாத்தையும் விட மோசமான தப்பு, உறுமுனதுக்கு அடிக்கிறது. உறுமல் ஒரு எச்சரிக்கை, அத அடிச்சு நிறுத்துனா பயம் உள்ளயே இருக்கும், சத்தம் மட்டும் போயிடும், அப்புறம் ஒரு நாள் நேரா கடி தான். உறுமுச்சுன்னா விலகிப் போங்க, எதுக்கு உறுமுச்சுன்னு பாருங்க. திடீர்னு அசையாம உறைஞ்சு நின்னாலும் அதே தான்.

மல்லாந்து படுத்தா வயித்த தடவச் சொல்லுதுன்னு உடனே கை வைக்காதீங்க, பயந்தும் படுக்கும். அதே மாதிரி பக் மாதிரி சப்பை மூஞ்சி நாய், வால் வெட்டுன நாய் எல்லாம் என்ன சொல்லுதுன்னு புரிஞ்சுக்க கொஞ்சம் கஷ்டம், மொத்த உடம்பையும் பாக்கணும்.

தடவுறது புடிக்குதா இல்லையான்னு சந்தேகமா இருந்தா ரெண்டு மூணு செகண்ட் தடவிட்டு கைய எடுத்துடுங்க, புடிச்சிருந்தா அதுவே உங்க கைகிட்ட வந்து ஒட்டும், வரலன்னா விட்டுடுங்க.